மடியில் சாய்த்து ஊட்டுவது பற்றி

பெருமூளை வாதமுள்ள, அதாவது மூளைப் பாதிப்பால் தசைகளைக் கட்டுப்படுத்தச் சிரமப்படும் பேரனுக்கு அம்மம்மா மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டுவதாக நான் படித்த ஒரு கட்டுரையில் வருகிறது. அந்த அன்பில் குறையேயில்லை, சாய்வுதான் ஆபத்து. தலை பின்னால் போனால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். அடிக்கடி நிமோனியா வர இதுவும் ஒரு காரணம். பிள்ளையை நிமிர்த்தி இருத்துங்கள். பாதம் பலகையில் படியட்டும், நாடி (மோவாய்) சற்றுக் கீழே இருக்கட்டும். அம்மம்மாவும் அவன் கண்மட்டத்தில் இருக்கவேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பாவம், அவன் அண்ணாந்துதான் வாங்குவான். அரைத் தேக்கரண்டி, விழுங்கியபின் அடுத்தது. தண்ணிக் கஞ்சியைவிட, கரண்டியில் நிற்கும் பதத்தில் குழைத்த சோறும் பருப்பும் பெரும்பாலும் சுலபம். முடிந்ததும் அரை மணித்தியாலம் படுக்க வைக்காதீர்கள். இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உடனே நிறுத்துங்கள். கொழும்பு, பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் கேட்டு, விழுங்கும் சிக்கலையும் கவனிக்கும் பேச்சு சிகிச்சையாளரிடம் அவன் விழுங்குவதைக் காட்டுங்கள். அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஊட்டுவது அவர்தானே.