அது 'வியாஜே' அல்ல

பயண வாழ்த்துகள் பற்றிய உங்கள் கட்டுரை பயனுள்ளது. ஆனால் பயணம் போகிறவரை வாழ்த்தும் ஸ்பானிய வார்த்தையை 'பியூன் வியாஜே' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் முழிப்பார். 'புவென் பியாஹே' (buen viaje) என்பதுதான் ஏறக்குறைய சரி. ஸ்பானிய மொழியில் வி (v) எழுத்துக்கும் பி (b) எழுத்துக்கும் ஒரே ஒலிதான். ஜே (j) எழுத்து தொண்டையிலிருந்து வரும் ஹ. நெருங்கியவர் என்றால் 'கே தெங்காஸ் புவென் பியாஹே', மரியாதை தர வேண்டியவர் என்றால் 'தெங்கா'. நம்ம நீ, நீங்கள் மாதிரிதான்.

அப்புறம், நீங்கள் தொடாத ஒன்று. வட ஸ்பெயினில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா என்ற கிறிஸ்தவப் புனிதத் தலத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்களிடம் யாரும் 'புவென் பியாஹே' சொல்வதில்லை. 'புவென் கமீனோ' என்பார்கள். கமீனோ என்றால் பாதை, வழி. பிரெஞ்சு எல்லையில் தொடங்கினால் சுமார் 780 கிலோமீட்டர். எதிர்ப்படும் சக யாத்ரீகர், வாசலில் நிற்கும் பாட்டி, சைக்கிளில் முந்திப் போகிறவர் என்று வழியெல்லாம் அதே வாழ்த்துதான். சிலர் 'உல்த்ரேயா' என்ற பழைய சொல்லையும் சொல்வதுண்டு; 'இன்னும் முன்னே போ' என்ற பொருள். 12ஆம் நூற்றாண்டு யாத்திரைச் சுவடியிலேயே அது இருக்கிறது.

இன்னொரு சுவையான விஷயம்: 'பியாஹே' என்ற சொல்லின் மூலம் லத்தீனில் 'வியாதிகும்'. வழிக்கான பணம், சாப்பாடு என்று அர்த்தம். கிட்டத்தட்ட நம் கட்டுச்சோறு!