ஆள் குறைவு, ஆப் அதிகம்
எல்லாம் ஆன்லைன் ஆனபிறகு அரசு ஊழியருக்கு வேலை பாதியாகிவிட்டது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் அப்படி இல்லை. என் அக்கா வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பிப்பதால் மக்களுக்கு அலைச்சல் குறைந்தது, சரி, அது பெரிய நன்மைதான். ஆனால் ஜூன் மாதம் கல்லூரி சேர்க்கை நேரத்தில் பகலெல்லாம் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்க, இரவு 11 மணிக்கு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பரிந்துரை செய்கிறார். நேரில் போய் விசாரிக்க நேரம் எங்கே? மேலே இருப்பவர்கள் எத்தனை நிலுவை என்றுதான் கேட்கிறார்கள், விசாரித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. எந்த வயலில் என்ன பயிர் என்று ஆப்பில் பதியும் 2024 டிஜிட்டல் பயிர் சர்வேயிலும் இதே கதைதான், வி.ஏ.ஓ.க்கள் எதிர்த்ததும் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் ஆப் மட்டும் கொடுத்தால் எப்படி? அக்கா இப்போது பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.