டேடோனா 500 கடற்கரை மணலில் நடப்பதில்லை

ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில், டேடோனா 500 கார் பந்தயம் கடற்கரை மணலில் நடக்கிறது, மற்ற நாட்களில் நாமும் அங்கே இஷ்டப்பட்ட வேகத்தில் கார் ஓட்டலாம் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

மணலில் பந்தயங்கள் நடந்தது உண்மைதான், ஆனால் 1958-உடன் அது முடிந்தது. வளைவுகளில் மணல் பள்ளம் பள்ளமாகி கார்கள் சிக்கிக்கொள்ளும். அலை ஏறுவதற்குள் பந்தயத்தையும் முடித்தாக வேண்டும். 1959 முதல் டேடோனா 500, ஊருக்குள் இருக்கும் டேடோனா இன்டர்நேஷனல் ஸ்பீட்வேயில்தான் நடக்கிறது: 2.5 மைல் தார்த்தடம், 31 டிகிரி சாய்ந்த வளைவுகள், 200 சுற்று.

கடற்கரையில் அனுமதித்த பகுதிகளில் மட்டும் கார் ஓட்டலாம், மணிக்கு 10 மைல்தான் உச்சவரம்பு. முகப்பு விளக்கு எரிய வேண்டும், ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். மணலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். டேடோனா பீச் இருக்கும் வொலூசியா கவுண்டியின் (மாவட்டம்) இணையதளத்தில் சரிபாருங்கள், அந்த ஃபார்வர்டை யாருக்கும் அனுப்பாதீர்கள்.