சேவைக்குச் சம்பளமா என்று கேட்பவர்களுக்கு

பல வருடமாகத் தன்னிடம் தன்னார்வலராக உழைத்தவரையே ஒரு தொண்டு நிறுவனம் சம்பளப் பணியில் சேர்த்துக்கொண்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, நாற்காலிகளை அடுக்கிவிட்டு, வருகைப் பதிவேட்டில் விடுபட்ட எண்களைத் தேடி நிரப்புகிறவர்கள் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான். எந்தக் கொடையாளருக்கு ரசீது போகவில்லை, எந்தக் குடும்பம் உதவி கேட்கவே கூச்சப்படும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. புதிதாக வருகிறவர் இதைக் கற்கவே மாதக்கணக்கில் ஆகும்.

‘சேவைக்குச் சம்பளமா?’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவருக்கும் வயிறும் வாடகையும் உண்டு, சரிதானே? நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை: பழைய பழக்கத்தில் ராத்திரியும் ஞாயிறும் அவரையே கூப்பிடாதீர்கள். வேலை நேரம், விடுப்பு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அப்புறம், அவர் பார்த்துவந்த தன்னார்வ வேலைக்கு வேறு ஆள் பார்த்தாயிற்றா?