பயிர் செழிப்பதும் மண்ணில் கார்பன் சேர்வதும் ஒன்றல்ல
"காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பயிர் நன்றாக வளரும், அந்தக் கார்பனை வயல் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், கவலை வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். முதல் பாதி ஓரளவு சரி. காற்றில் இந்த வாயு, தொழிற்புரட்சிக்கு முன் 10 லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நெல், கோதுமை போன்றவற்றில் ஒளிச்சேர்க்கை கூடுகிறது. சோளம், கரும்புக்கு அந்த அளவு பலன் இல்லை.

இரண்டாம் பாதிதான் தவறு. விளைந்ததில் பெரும்பகுதி தானியமாகவும் வைக்கோலாகவும் வயலை விட்டே போய்விடுகிறது. மண்ணில் மிஞ்சுவது வேரும் அடித்தாளும்தான். அதிலும் ஒரு சிக்கல். கூடுதல் கார்பன் கிடைத்த செடி, வேர் நுனி வழியாகச் சர்க்கரையைக் கூடுதலாகக் கசியவிடும். அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள், தழைச்சத்தை (நைட்ரஜனை) தேடிப் பக்கத்தில் இருக்கும் பழைய மட்கையும், அதாவது மக்கிப்போய் மண்ணில் தங்கிய தாவர எச்சத்தையும், சிதைக்கத் தொடங்கும். புதிதாக உள்ளே வந்தது ஒரு பக்கம், பல காலமாக இருந்த கார்பன் நுண்ணுயிர்களின் மூச்சாக வெளியேறுவது இன்னொரு பக்கம். திறந்த வயலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திப் பார்த்த சோதனைகளிலும் பயிர் கூடிய அளவுக்கு மண் கார்பன் கூடவில்லை.

அப்புறம் தழைச்சத்துக் கணக்கு. வைக்கோலில் 1 பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கார்பன், மட்கிலோ வெறும் 10, 12 பங்குதான். அதனால் வைக்கோல் மட்காக மாறக் கூடுதல் தழைச்சத்து வேண்டும்; அது போதாத மண்ணில் வைக்கோல் எவ்வளவு விழுந்தாலும் அதில் சொற்பமே மட்காக நிலைக்கும். மண்ணில் கார்பனைச் சேர்ப்பது தொழுவுரம், மூடுபயிர் (வெறும் மண்ணை மூடி வைக்க வளர்க்கும் பயிர்), குறைந்த உழவு என நாம் செய்யும் வேலை. தயவுசெய்து அதைக் காற்றின் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள்.