அனுமதி இல்லையென்றால் வேலையும் போய்விடுமா?
பாதுகாப்பு அனுமதி, அதாவது இரகசியத் தகவல்களைப் பார்க்க அரசு தரும் அனுமதி, மறுக்கப்பட்டால் அமெரிக்க இராணுவம் ஆளை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. அங்கே பிறந்து இராணுவத்தில் சேர்ந்த என் அக்காவின் மகன், அந்த அனுமதிக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்துக்காகத் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்களிடம் உறவினர் விபரமெல்லாம் கேட்டு வாங்கினான். அப்புறம் அனுமதியை மறுக்க நினைப்பதற்கான காரணங்களை அடுக்கி அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதலாம், மறுத்தால் மேன்முறையீடும் செய்யலாம். அவனுக்கு மறுத்தேவிட்டார்கள், காரணம் வெளிநாட்டுச் சொந்தங்களான நாங்களல்ல, கட்டாமல் விட்ட கடன் அட்டைப் பாக்கி. ஆனாலும் வெளியேற்றவில்லை, அனுமதி தேவைப்படாத வாகனம் திருத்தும் பிரிவுக்கு மாற்றினார்கள். மேலே கருத்து எழுதிய ஒருவர் ஊரிலுள்ள சொந்தங்களைப் படிவத்தில் எழுதாமல் விடலாம் என்கிறார். தயவுசெய்து பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வேண்டுமென்றே மறைத்தது தெரியவந்தால் வேலையே போகலாம், வழக்கும் வரலாம்.