அந்தக் கீழிறங்கும் கோட்டைப் பற்றி

நம் நாட்டின் 'காற்று சுத்தமாகிவிட்டது' என்று கீழிறங்கும் கோடு ஒன்றைக் காட்டி ஒரு வரைபடம் பகிரப்பட்டது. முந்தாநாள் அதற்குக் கீழே நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். 'நாடு முன்னேறினால் உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது' என்பதுதான் அதில் மரியாதையானது. சரி, இங்கே திரும்பக் கேட்கிறேன்: அது எதனுடைய கோடு?

பிஎம்10. காற்றில் மிதக்கிற, 10 மைக்ரான் வரையிலான தூசு. அவ்வளவுதான். 2019இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கு மதிப்பெண் போடுவதும் அதை வைத்துத்தான். சாலையில் லாரி வைத்துத் தண்ணீர் தெளித்தால் அது கொஞ்சம் அடங்கும். நுரையீரலின் அடிவரை போகிற, அதைவிட நுண்ணிய தூசான பிஎம்2.5 அப்படி அடங்காது.

அதையும் விடுங்கள். 2009இல் அறிவித்த தேசியத் தரத்தில் 12 மாசுகள் இருக்கின்றன. நாம் தினமும் கைபேசியில் பார்க்கும் காற்றுத் தரக் குறியீட்டில் 8தான். விட்டுப்போனவை பென்சீன், பென்சோபைரீன், ஆர்செனிக், நிக்கல். புற்றுநோய் என்றதும் பேச வேண்டியவை எவையோ, பார்த்துப் பார்த்து அவற்றை விட்டதுபோல இருக்கிறது. இந்த நான்குக்கும் நாடு முழுக்க இருபது ஆண்டுக் கோடு ஒன்றை வரைந்து காட்டுங்கள், நானே பகிர்கிறேன். அளக்காததைக் குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வீர்கள்?

எல்லாவற்றிலும் குறை காண்கிறேனாம். 2000இல் ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுக்க நிறுத்தினார்கள். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்து எரிபொருளில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆனது. இரண்டுக்கும் கைதட்டுகிறேன். ஆனால் அனல்மின் நிலையப் புகைபோக்கியில் வரும் கந்தகம்? 2015இல் விதி போட்டு, கெடுவைத் தள்ளி, இன்னும் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியே கட்டாயமில்லை என்று முடித்துவிட்டார்கள். வரைபடத்தில் அதற்கு இடம் போதவில்லை போல, பாவம்.

'நீங்கள் என்ன விஞ்ஞானியா' என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை தம்பி. என் அப்பா பெட்ரோல் பங்கில் பம்ப் பிடித்து எங்களைப் படிக்கவைத்தவர். துவைத்தாலும் சட்டையில் அந்த வாசனை போகாது. ரத்த அணுக்கள் குறைந்து அவர் படுத்தபோது, மருத்துவர் முதலில் கேட்டதே என்ன வேலை என்றுதான். பெட்ரோலில் இருக்கும் பென்சீனால்தான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவர் எவ்வளவு சுவாசித்தார் என்று யாரும் அளக்கவில்லையே. பங்க் முதலாளியிடம் கேட்டதற்கு, 'மற்றவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்' என்றார். உங்கள் வரைபடத்தின் சராசரியும் அவர் மாதிரியேதான் பேசுகிறது.

இருக்கிற தரவை வைத்துத்தானே பேச முடியும் என்று ஓரிருவர் நியாயமாகக் கேட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 'சில நகரங்களில் பிஎம்10 குறைந்தது' என்று தலைப்புப் போடுங்கள். நாட்டையே ஏன் இழுக்கிறீர்கள்? கண்காணிப்பு நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களில். விறகடுப்புப் புகையில் இருமுகிற கிராமத்துப் பெண் எந்தக் கோட்டில் வருகிறாள்?

என் கேள்வியை அங்கே நீக்கிவிட்டார்கள். வசவுகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. பென்சீன் கோடு யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். திட்டுவதாக இருந்தால் அங்கேயே திட்டுங்கள், லைக்கும் அங்கேதான் அதிகம் விழுகிறது.